ஈரம் காயாத முதுகு

எந்த அறைக்குள் நுழைந்தாலும் ரசமட்டம் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். நடுவிரலை மடக்கி, முட்டியால் டொக், டொக். காதைச் சற்றே சாய்த்துக் கேட்பார். அப்புறம் தீர்ப்பு வரும்: "உள்ள பூச்சு விட்டுப்போச்சு. மேல பவுடர் அடிச்சு வெச்சிருக்கான்." மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்றும் கூடத்துச் சுவரைத் தட்டிவிட்டு, "மணல்ல உப்பு இருக்கு சம்பந்தி, ரெண்டு மழைக்கு மேல தாங்காது" என்றார். சொன்னபடியே உதிர்ந்தது. காரணம் உப்பு அல்ல, இவர் வாய்தான் என்று சம்பந்தியம்மாள் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இப்போது அவர் தட்டுவது ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டுச் சுவரை. மல்லாந்து படுத்தபடி, கழுத்தைக்கூடத் திருப்பாமல், கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டித் தட்டுகிறார். தலையை அசைக்கப் பயம். இருமப் பயம். யாராவது கட்டிலில் உட்கார்ந்து மெத்தை அமுங்கினால், "அய்யோ, மெல்ல, மெல்ல" என்று கத்துகிறார். நேற்று முன்தினம் அவருடைய முதுகெலும்பில் ஸ்குரூ போட்டு, அந்த ஸ்குரூக்களைச் சுற்றிச் சிமெண்ட் நிரப்பியிருக்கிறார்கள்.

ரசமட்டம் என்பது அந்த அம்மாளுக்குக் கொத்தனார்கள் வைத்த பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் குமிழ் நடுவில் வந்து நின்றால் தளம் சமமாக இருக்கிறது என்று காட்டும் கருவியின் பெயர் அது. தலையில் கலவைச் சட்டியோடு சாரத்துப் பலகைமேல் இந்தம்மா நடந்தால், சட்டிக்குள் கலவைக்கு மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர்கூட ஆடாதாம். "அந்தக்கா கழுத்துக்குள்ள குமிழு வெச்சிருக்காங்கப்பா" என்று ஒரு கொத்தனார் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளம் கொடுக்கிறவர்களுக்கும் சொந்தப் பெயர் மறந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தார்.

வாழ்நாள் முழுக்கச் சித்தாள் வேலை. பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் சட்டி தலையில் இருந்தது. பள்ளிக்கூடங்கள், வங்கிகள், பல் மருத்துவமனைகள், யாரோ குடியிருக்கும் அடுக்குமாடிகள் எல்லாம் அவர் தலைவழியாகத்தான் மேலே ஏறின. அவர் தலைவழியாக ஏறிய அந்த மாடிகளில் ஒன்றில்கூட, வேலை முடிந்த பிறகு, வாசல் காவல்காரர் இவரை உள்ளே விட்டதில்லை.

சில வருடங்களாக முதுகில் ஒரு வலி. கூடவே இன்னொரு விநோதம். சமையல் அலமாரியின் மேல்தட்டு எட்டாமல் போனது.

"நீ குட்டையாயிட்டே வர்றேம்மா" என்றாள் மகள்.

"நீ வளந்துட்டே வர்றடி."

"முப்பத்தஞ்சு வயசுலயா?"

"நல்ல சாப்பாடு போட்டு வளத்திருக்கேன்ல."

சிரித்துவிட்டு மறந்தார்கள். உண்மையில் முதுகின் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிக்கொண்டிருந்தன. எலும்புப்புரை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் எலும்பைச் சத்தமில்லாமல் அரித்து, வெளிக்கூட்டை மட்டும் விட்டுவைக்கும் நோய். டாக்டரிடம் போனபோதெல்லாம் வலி மாத்திரை கொடுத்து, "வயசாச்சில்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பினார்கள். வயது ஒரு நோயல்ல. பரிசோதிக்கச் சோம்பல்பட்டவர்கள் சொல்லும் சாக்கு. ஒரு கட்டடத்துக்குக் கான்கிரீட் போடும்போது அதில் கொஞ்சம் எடுத்துக் கட்டியாக வார்த்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, எந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு எடை தாங்கும் என்று சான்றிதழ் வாங்குகிறார்கள். அந்தக் கான்கிரீட்டைச் சுமந்து மேலே கொண்டுபோனவளின் எலும்பு எவ்வளவு தாங்கும் என்று ஒருவரும் ஒரு படம் எடுத்துப் பார்க்கவில்லை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் எந்திரம் இதே ஊரில், இதே தெருவில் இருந்தது. அதில் இவரைப் படுக்கவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் முதுகு உடைந்தது சட்டி தூக்கும்போது அல்ல. தும்மியபோது. அதைத்தான் அவரால் இன்னும் சீரணிக்க முடியவில்லை. "மூணாவது மாடியிலேருந்து வழுக்கி விழுந்திருக்கேன், ஒண்ணும் ஆகல. தும்முனா ஒடையுமா? ஒடம்பா இது, அப்பளமா?" உடைந்த எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்த, கொஞ்ச நாளில் கால் மரத்துப்போனது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்தார். அப்புறம் நடக்க முடியவில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டர் ஒரு பெண். குள்ளமானவர். மேஜைக்கு எட்டுவதற்காகப் பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வார் என்று நர்ஸுகள் சொல்வார்கள். கெட்டிக்காரர், கை சுத்தம். ஆனால் அவரும் ஒரு தவறு செய்தார். எல்லா டாக்டர்களும் செய்கிற அதே தவறு. ஆபரேஷனுக்கு முன்னால், வராந்தாவில் நின்று, பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நடக்கப்போவது முழுவதையும் விளக்கினார் – மகளிடம். எலும்பு உளுத்த மரம்போல இருக்கிறது, வெறும் ஸ்குரூ முறுக்கினால் பிடிக்காது, கழன்று வந்துவிடும். அதனால் நடுவில் துளையும் நுனியில் சிறு ஓட்டைகளும் உள்ள ஸ்குரூவைப் போட்டு, அதன் வழியாக எலும்புச் சிமெண்டை உள்ளே செலுத்துவோம், அது பரவி இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்றார். மகள் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறாள். வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், கேட்டதில் பாதி காதில் ஏறாமலே கையெழுத்துப் போட்டாள். முதுகுக்குச் சொந்தக்காரியிடம் டாக்டர் சொன்னது ஒரே வரி: "ஸ்குரூ போட்டு, சிமெண்ட் வெச்சு டைட் பண்ணிடுவோம் பாட்டி, பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொல்லிவிட்டுக் காரணம் சொல்லாமல் போவதைவிடப் பயமுறுத்தும் செயல் வேறில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இன்னிக்கு எழுந்து நிக்கணும்" என்றார். கைத்தாங்கலுக்கு நான்கு கால் கொண்ட அலுமினியச் சட்டம் ஒன்றைக் கட்டிலருகே வைத்தார்கள். ரசமட்டத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"தல சுத்துது" என்றார்.

"ரத்த அழுத்தம் சரியாத்தானே இருக்கு" என்றார் நர்ஸ்.

"வயிறு ஒரு மாதிரி இருக்கு."

மதியம் கேட்டால் தூக்கம். சாயங்காலம் கேட்டால் கால் இழுக்கிறது. நிற்பது ஒன்றைத் தவிர வேறு எதற்கும் ஒத்துக்கொள்வார். ஊசி போடு, சரி. கசப்பு மருந்து, சரி. குடிக்கத் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தார். டம்ளர் காலியாக இருந்தால் மகளைப் பார்த்து முறைப்பார். "ஒட்டகமாம்மா நீ?" என்று அவளும் நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். காலை உடைத்துக்கொண்டு, எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு, ஊர் வம்பு அளந்துகொண்டிருப்பவர். அவர் ஆறுதல் சொன்னார்: "விடுங்க, நம்ம தலையில என்ன எழுதியிருக்கோ அதுதானே நடக்கும்."

"என் தலையில எழுத எங்க டீச்சர் எடம் இருந்துச்சு? சட்டியில்ல இருந்துச்சு!"

டீச்சர் எடை கட்டிய கால் ஆடும்வரை சிரித்தார். ரசமட்டம் சிரிக்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரை என்றால் அவருக்கு வேறு ஒரு நினைப்பு.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கிடங்குக்குக் கூரைத் தளம் போட்டார்கள். தளம் என்பது ஊற்றிய உடனே தளமாகிவிடாது. அடியில் பலகை அடித்து, வரிசையாக முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். தூண்களுக்கு ஈரச் சாக்கைச் சுற்ற வேண்டும். அதற்குத் தண்ணி காட்டுவது என்று பெயர். தண்ணி காட்டக் காட்டத்தான் சிமெண்ட் உள்ளுக்குள் இறுகும். போதுமான நாள் போன பிறகுதான் முட்டுகளைப் பிரிக்க வேண்டும். அந்தக் காண்ட்ராக்டருக்கு முட்டுக் கட்டைகள் வேறொரு கட்டடத்துக்கு அவசரமாக வேண்டியிருந்தன. "கெட்டியாயிருச்சு, பயப்படாதீங்க, பிடுங்குங்கடா" என்றான். ரசமட்டத்துக்கு ஜோடியாக வேலை பார்த்தவள், இவர் சட்டியை நிரப்பித் தலையில் ஏற்றிவிடுகிறவள், அடியில் நின்று பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர் தண்ணீர் பிடிக்க வெளியே வந்திருந்தார்.

கூட வேலை செய்கிறவர்களிடம் மட்டும் ரசமட்டம் சொல்வார்: "சத்தம் பெருசா இருக்கும்னு நெனப்பீங்க. இல்ல. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா கெடங்கு இல்ல."

காண்ட்ராக்டர் வந்து, அவள் விதி அவ்வளவுதான் என்றான். விதியாம்! முட்டுகளைப் பிடுங்கச் சொன்ன வாய் யாருடையது என்று அங்கு நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனால் விதியின்மேல் வழக்குப் போட முடியாது பாருங்கள். அது எவ்வளவு வசதி! அவன் அடுத்த கட்டடத்துக்குப் போனான். ரசமட்டமும் அடுத்த கட்டடத்துக்குப் போனார். ஆனால் அன்றிலிருந்து புதிதாக ஊற்றிய எதன்மேலும் கால் வைக்க மாட்டார். எதன் அடியிலும் நிற்க மாட்டார். அந்தத் தளத்தில் அவர் சுமந்துபோய்க் கொட்டிய கலவையும் இருந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான், நேற்று ஊற்றினோம், இன்று ஏறி நில் என்கிறார்கள். அதுவும் அவருக்குள்ளேயே ஊற்றியதன்மேல்.

இரண்டாம் நாள் காலை, படுக்கைப்புண் வராமலிருக்க அவரை ஒருக்களித்துத் திருப்பிய நர்ஸ் அலறினார். முதுகில் தையல் போட்ட இடத்துக் கட்டு முழுக்க ஊறிக் கிடந்தது. அதன்மேல் ஒட்டினாற்போல் ஒரு ஈரத் துண்டு.

"யாரும்மா இது? யாரு துண்ட நனைச்சு உள்ள வெச்சது? நீயா?"

"நான் எதுக்கு சிஸ்டர் வெக்கிறேன்?" மகள் பதறினாள்.

"வேர்த்திருக்கும்" என்றார் ரசமட்டம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வேர்வையா? பிழிஞ்சா ஒரு டம்ளர் தேறும் போல இருக்கு!"

"நான் பாத்தேன்" என்றார் டீச்சர். "டம்ளர்ல தொட்டுத் தொட்டு நனைச்சுக்கிட்டே இருந்தாங்க. முதுகு எரியுதாக்கும்னு விட்டுட்டேன்."

"காட்டிக் குடுத்துட்டியே டீச்சர். நீ நல்லா இருப்பியா?"

டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்தார். தையலைச் சுற்றித் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு தையலாக அழுத்திப் பார்த்தார். துடைத்து, காயவைத்து, புதுக் கட்டுப் போட்டார்.

"இந்த ஈரம் வழியா கிருமி ஏறி ஸ்குரூ வரைக்கும் போச்சுன்னா நான் போட்டது மொத்தத்தையும் கழட்டணும். அப்புறம் திரும்பப் போட எலும்பு இருக்காது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே" என்றார் ரசமட்டம். "யாரு சொன்னீங்க?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த வார்டில் டாக்டர் ஒருவர் உட்கார்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"இப்ப சொல்லுங்கம்மா. எதுக்காக நனைச்சீங்க?" பாட்டி போய் அம்மா வந்திருந்தது.

"மூட்டைல வர்ற சிமிட்டி இல்ல இதுன்னு எனக்கும் தெரியும், டாக்டரம்மா. நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. ஆனா கலக்கி ஊத்துறது எதுவா இருந்தாலும் அதுக்குன்னு ஒரு காலம் வேணும்ல? தண்ணி காட்டணும், நாள் குடுக்கணும். நேத்து ஊத்திட்டு இன்னிக்கு ஏறி நில்லுங்கறீங்க. பயப்படாத, கெட்டியாயிருச்சுன்னு ஒருத்தன் சொன்னான். சொன்ன எடத்துல இப்பவும் என் ஜோடிக்காரி கையி எனக்குத் தெரியுது. வளையலோட."

மகள் அந்தக் கதையை அதுவரை கேட்டதில்லை. தாயின் கால்மாட்டில் நின்றவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது கலந்த கொஞ்ச நேரத்துல இறுகிடும்மா. நாள் கணக்கு இல்ல. உங்களத் தையல் போட்டு மூடுறதுக்கு முன்னாடியே அது கல்லாயிடுச்சு. இதுக்குத் தண்ணி ஆகாது. நீங்க படுத்தே கெடந்தாத்தான் ஆபத்து. கால்ல ரத்தம் உறையும். உறைஞ்சது நெஞ்சுக்கு ஏறினா ஒரு நிமிஷம் தாங்காது. சளி கட்டும். மிச்சம் இருக்கிற எலும்பும் கரையும்."

"சொல்றீங்க. நான் கண்ணால பாக்கலியே."

வேறு டாக்டராக இருந்தால் மகளைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். இந்த டாக்டர் யோசித்தார். நியாயமான கேள்விதானே? கண்ணால் பார்க்காததை நம்ப மாட்டேன் என்பது பிடிவாதம் அல்ல, அறிவு. அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு சித்தாள் என்பதால் அது முரண்டு ஆகிவிடாது.

மதியம் டாக்டர் திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலமும், மருந்துக் குப்பி ஒன்றும், சின்னக் கிண்ணமும், நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சியும் இருந்தன. "தேதி முடிஞ்சுபோன பாக்கெட். யாருக்கும் போட முடியாது. புதுசா வர்ற டாக்டர்ங்க பழகுறதுக்கு வெச்சிருப்போம்." சன்னலை முழுக்கத் திறக்கச் சொன்னார். எல்லாருக்கும் முகமூடி கொடுத்தார்.

வெள்ளைத் தூள் கிண்ணத்தில் விழுந்தது. ரசமட்டத்தைச் சற்றே ஒருக்களித்துத் திருப்பியிருந்தார்கள். அவர் கண் கிண்ணத்தைவிட்டு நகரவில்லை. குப்பியை உடைத்து ஊற்றியதும் நகச்சாயக் கடைக்குள் நுழைந்தது போன்ற நெடி.

"கொடலப் பொரட்டுது! கால்ல எடையக் கட்டிட்டீங்க, நான் எங்க ஓடுவேன்?" என்றார் டீச்சர்.

"அப்ப மூக்கப் புடி டீச்சர், தொழில் நடக்குது." ரசமட்டத்தின் பார்வை டாக்டரின் மணிக்கட்டில் இருந்தது. "கையி பரவால்ல. ஓரத்தையும் வழிச்சுக் கிண்டுறீங்க. யாருகிட்ட பழகுனீங்க?"

"எங்க பெரிய டாக்டர்கிட்ட. நெறைய திட்டு வாங்கியிருக்கேன்."

"வாங்கணும்."

முதலில் கூழாக இருந்தது. அப்புறம் குச்சியைத் தூக்கினால் நூல் நூலாக இழுத்தது. அப்புறம் பற்பசைபோல் திரண்டது. "இந்தப் பதத்துலதான் ஸ்குரூ வழியா உள்ள தள்ளினேன்" என்று டாக்டர் ஒரு துளியைக் காட்டினார். மிச்சத்தை உருட்டி, துணி மடிப்பின்மேல் வைத்து, கையுறை போட்ட ரசமட்டத்தின் உள்ளங்கையில் கொடுத்தார்.

அவர் அதை அமுக்கினார். பள்ளம் விழுந்தது. மறுபடி அமுக்கினார். பள்ளம் சிறிதாக விழுந்தது. திடீரென்று முகம் மாறியது.

"சுடுது!"

மகள் பிடுங்கப் போனாள். "விடுடி!" என்று கையை மூடிக்கொண்டார். சூடு ஏறி, ஏறி, பிறகு இறங்கியது. கையைத் திறந்தபோது அதில் இருந்தது ஒரு கல். நகத்தால் கீறினார். கட்டில் இரும்பில் தட்டினார். பல்லில் வைக்கப் போனவரை நர்ஸ் தடுத்தார். மகளிடம் கொடுத்துத் தரையில் வைத்துக் குதிகாலால் மிதிக்கச் சொன்னார். மகள் மிதித்தாள்; அய்யோ என்று காலைத் தூக்கிக்கொண்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ரசமட்டம் சிரிக்காமல் கல்லைத் திரும்பக் கையில் வாங்கினார்.

"இந்தச் சூடு நரம்புகிட்ட போனா?"

"நரம்பு வெந்துடும்" என்றார் டாக்டர். மறைக்கவில்லை. "அதனாலதான் அது எலும்புக்குள்ளயே நிக்கணும். ஓட்ட எலும்பு, எந்த விரிசல் வழியா வேணும்னாலும் கசியலாம். ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா நுரையீரலுக்கு ஓடிடும். எக்ஸ்ரே படத்தப் பாத்துக்கிட்டே சொட்டுச் சொட்டா தள்ளணும். கொஞ்சம் வழி மாறுனாலும் அங்கயே நிறுத்திடணும்."

"எனக்குக் கசிஞ்சுதா?"

"இல்ல. அப்புறமும் படம் எடுத்துப் பாத்துட்டேன்."

"அத உள்ள தள்ளும்போது நீங்க பயந்தீங்களா?"

நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை. டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார்.

"பயந்தேன். ஒவ்வொரு தடவையும் பயப்படுவேன். படத்துலேருந்து கண்ணெடுக்க மாட்டேன். மூச்சுக்கூட சரியா விட மாட்டேன்."

பயப்படாதே என்று சொன்னவர்கள் ரசமட்டத்தின் வாழ்க்கையில் நிறையப் பேர் இருந்தார்கள். நான் பயந்தேன் என்று சொன்ன முதல் மேஸ்திரி இவர்தான்.

"சரி. நீங்க வெச்சது கெட்டி. ஒத்துக்கறேன்." குரல் தணிந்தது. "மேலயும் கீழயும் இருக்கிறது என் பழைய எலும்புதான? புதுச் சிமிட்டிக்குப் பக்கத்துல பழைய செங்கல்லு. எடை அதுமேல ஏறினா?"

"ஏறும். பக்கத்து எலும்பு உடையறதும் உண்டு. உடையவே உடையாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அதுக்கு ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு. குனிஞ்சு எதையும் தூக்கக்கூடாது. சட்டி இனிமே கெடையாது. நடக்கணும். நடந்தாத்தான் எலும்பு, 'ஓ, நாம இன்னும் வேண்டியிருக்கோம் போல'ன்னு நெனச்சு நிக்கும்."

"தும்மல் வந்தா?"

"தலகாணிய வயித்தோட அணைச்சுக்கிட்டுத் தும்முங்க."

"மொளகாத் தூளு எம் பக்கம் வரவே கூடாது டீச்சர், சொல்லிட்டேன்" என்றார் ரசமட்டம். சிமெண்டைப் பற்றிய பயம் போய்விட்டது. அந்த இடத்தில் எலும்பைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னது தெரியாமையால் வந்த பயம். இது தெரிந்ததால் வந்தது. இதோடுதான் இனி அவர் எழுந்திருக்க வேண்டும், நடக்க வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும், படியிறங்க வேண்டும்.

"சட்டத்தக் கொண்டாங்க" என்றார்.

ஒருக்களித்துத் திருப்பினார்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முதுகை வளைக்காமல், கையை ஊன்றி நிமிரச் செய்தார்கள். உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேலுதட்டில் வேர்வை அரும்பியது. நர்ஸ் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். அலுமினியச் சட்டத்தின் பிடிகளை அவர் பற்றிய வேகத்தில் விரல் முட்டிகள் வெளுத்தன.

"நெனச்சபோது எழுந்திரிங்க. அவசரமில்ல" என்றார் டாக்டர்.

சன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் கீச் சத்தம் கேட்டது. ரசமட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தார். கால் விரல்கள் தரையைக் கவ்வின. உடம்பு மேலே வந்தது, நின்றது, மறுபடி கொஞ்சம் வந்தது. முதுகுக்குள் எதுவோ சரியும், இப்போது, இந்தக் கணம் என்று காத்திருக்கும் முகம்.

நின்றார்.

"நிக்கிறேனா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"நிக்கிற!" என்றார் டீச்சர். "அடியே, நிக்கிற!"

அவர் கண்ணைத் திறந்தார். வார்டு அவருக்குப் புதிய உயரத்தில் தெரிந்தது. யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மூச்சையும் உடைந்துவிடுமோ என்பதுபோல மெல்ல வெளியே விட்டார்.

வெறும் தரை வழுக்கும் என்று மகள் சட்டென்று குனிந்து, தாயின் காலடியில் செருப்பைச் சரிசெய்து, பாதத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தாள். இரவு வேலை முடித்துக் கிடங்கிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவள். சட்டையில் அட்டைப்பெட்டித் தூசி. குனிந்த முதுகு ரசமட்டத்தின் கண்ணுக்கு நேர் கீழே வளைந்து கிடந்தது.

ரசமட்டம் சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்தார். "அம்மா, கைய எடுக்காதீங்க!" என்று நர்ஸ் கத்தினார். டாக்டர் பாய்ந்து இடுப்பைப் பிடித்தார். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. கையை நீட்டி, மகளின் பிடரிக்குக் கீழே சட்டைமேல் கட்டைவிரலை வைத்தார். அழுத்தினார். அடுத்த எலும்பு. அழுத்தினார். அதற்கடுத்தது.

"என்னம்மா?" என்றாள் மகள், நிமிராமல்.

விரல் ஒவ்வொரு எலும்பாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.